படம் எடுப்பது யார்?

"அப்பா, இன்னைக்கு ஒரு நாகத்தப் படம் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே கேமராவோடு வீட்டுக்குள் நுழைந்தேன். நாளிதழில் மூழ்கியிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார்: "படம் எடுத்தது நீயா, அதுவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் நாகம் கழுத்தை விரித்து நிற்பதையும் 'படம் எடுப்பது' என்கிறோம். கேமராவின் பொத்தானை அழுத்துவதையும் 'படம் எடுப்பது' என்றுதான் சொல்கிறோம். அப்பா சிலேடை பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அது படம் எடுத்திருந்தா நீ ரொம்பக் கிட்டப் போயிருக்கேன்னு அர்த்தம்மா. பயப்படாத பாம்பு படம் எடுக்காது" என்றார்.

அவரிடம் படத்தைக் காட்டாமலேயே என் அறைக்குள் போய்விட்டேன். ஏனென்றால் என் கேமராவுக்குள் இருந்த அந்தக் கரிய நாகம் கழுத்தை நன்றாக விரித்து, வாயைச் சற்றே திறந்து, நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது தானாக அப்படி நிற்கவில்லை. எங்களோடு வந்திருந்த ஒருவர் வளைந்த இரும்புக் கம்பியால் அதன் வாலைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து பேர் மண்டியிட்டுப் படம் பிடித்தோம். அந்த ஐவரில் நானும் ஒருத்தி.

அப்பா கேட்ட அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். காட்டுப் பறவைகளையும் பாம்புகளையும் படம் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அதை இன்று நாம் செய்கின்ற விதம் மாற வேண்டும் என்பது என் கருத்து. பறவையாவது பாம்பாவது, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணும் நம் கழகத் தோழர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

தீவும் நாங்களும்

சிலாங்கூரின் கோலலங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் நிலப்பகுதி கேரித் தீவு. பாலத்தைக் கடந்தால் போதும், படகு தேவையில்லை. தீவின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். விளிம்பில் கண்டல் காடு, அதற்கப்பால் சேற்றுக் கரை, பிறகு மலாக்கா நீரிணை. மரச் சிற்பங்களுக்கும் முகமூடிகளுக்கும் பெயர்பெற்ற மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமங்கள் அங்கே உள்ளன. அவர்களுக்குப் பிறகு, வெள்ளைக்காரத் துரைமார்கள் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் வந்தவர்கள் நம்மவர்கள். என் கொள்ளுத்தாத்தா அங்கே அல்லூர் வெட்டினார். அப்பா 19 ஆண்டுகள் குலை வெட்டினார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் குடும்பம் பந்திங்கில் ஒரு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பாம்பு ஒரு காட்சிப் பொருளல்ல. வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் கையை விடும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. தலைக்கு மேலே இருக்கும் குலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குக் காலடியில் நெளிவது தெரியாது. உதிர்ந்த பழத்தைத் தின்ன எலி வரும். எலியைத் தின்ன நாகம் வரும். நாகம் இருக்கும் இடத்தில்தான் அன்றாட வேலையும் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வயலிலும் தோட்டத்திலும் உடலுழைப்பில் இருக்கும் ஏழைகள் என்பதால்தான் அது அவ்வளவு காலம் புறக்கணிக்கப்பட்டது. ஆகவே, "தோட்டத்து ஆட்கள் பாம்பைக் கண்டாலே அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்" என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

அதே மக்கள்தான் தோட்டத்து எல்லையில் இருந்த புற்றுக்கு மஞ்சள் பூசி, பாலும் முட்டையும் வைத்தார்கள். அடித்ததும் நாம்தான், கும்பிட்டதும் நாம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி நம்மிடம் இல்லாமலேயே போய்விட்டது. அடிக்காமல், கும்பிடாமல், சற்றுத் தள்ளி நின்று அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அந்த மூன்றாவது வழி. கேமரா எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அல்லது கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது அதைத்தான்.

கூகையை எனக்கு யார் சொல்லித் தந்தார்?

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தவள். அங்கே எனக்குத் தெரிந்த பறவைகள் காகம், கொக்கு, கிளி, மயில், புறா, மைனா. மயிலை நான் நேரில் பார்த்தது மிருகக்காட்சிச் சாலையில்தான். பிறகு தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். அறிவியல் பாடத்தில் செம்பனைத் தோட்டத்து உணவுச் சங்கிலி வந்தது. எலியைத் தின்னும் 'புருங் புங்குக் ஜெலாப்பாங்' அதில் இருந்தது. சோதனையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். எங்கள் தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, இரவில் கிறீச்சிட்டு என் பாட்டியை நடுங்க வைக்குமே, அந்த வெள்ளை முக ஆந்தைதான் அது என்று எனக்கு அப்போது தெரியாது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாள்களில்தான் சன்னல் வழியே பறவைகளைப் பார்க்கத் தொடங்கினேன். அதன் பிறகே மூன்றும் ஒன்றென்று புரிந்தது. அதற்குத் தமிழில் 'கூகை' என்று பழைய, அழகான பெயர் ஒன்று இருப்பதையும் அதற்கப்புறம்தான் அறிந்தேன். தாய்மொழிப் பெயர் எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது.

கூகை ஓர் இணை, தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைப் பிடித்துவிடும் என்று நம் நாட்டுத் தோட்டங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எலிமருந்துக்குப் போகும் செலவு குறையும். மருந்தைத் தின்ற எலியைத் தின்று பிற உயிர்கள் சாவதும் குறையும். இவ்வளவு உதவி செய்யும் பறவையை நாம் 'சாவுக் குருவி' ஆக்கி வைத்திருக்கிறோம். அது கத்தினால் வீட்டில் யாரோ போய்விடுவார்கள் என்று பாட்டி இன்றும் நம்புகிறார். பெட்டியின் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் கூகையின் படத்தை நான் தூரத்திலிருந்து எடுத்து அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி நெஞ்சு மாதிரி இருக்கே" என்றார். அன்றைக்கு அதைத் திட்டவில்லை. ஒரு படத்தால் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செம்பருந்தின் கதையும் இப்படித்தான். கும்பாபிஷேகத்தின்போது கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிடுகிறதா என்று ஆயிரம் பேர் அண்ணாந்து பார்க்கிறோம். கேரித் தீவின் கரையோரத்தில் அதே செம்பருந்து ஆண்டின் எல்லா நாள்களிலும் வட்டமிடுகிறது. அது எங்கே கூடு கட்டுகிறது, எதைத் தின்கிறது என்று கேட்க நமக்கு நேரமில்லை.

கழுத்தை விரித்தால்தான் படமா?

எஸ்.டி.பி.எம். எழுதி முடித்த பிறகு எண்ணெய் நிலையமொன்றில் வேலை செய்து, பழைய கேமரா ஒன்றும் நெடுந்தொலைவு லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஒரு புலனக் குழுவில் சேர்ந்தேன். அதில் பல இனத்தவரும் இருந்தார்கள். பொறுமையாகச் சொல்லித் தந்த நல்லவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே போக வேண்டும், பறவை போகும் திசையைப் பார்த்து முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட வேண்டும், அதன் கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும் என்றெல்லாம் அவர்களிடமிருந்துதான் கற்றேன்.

ஆனால் வேறு சிலவற்றையும் கண்டேன். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிபரப்பி, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நம்ப வைத்து அதை வெளியே வரவழைப்பார்கள். கூட்டை மறைத்திருக்கும் கிளைகளை வெட்டிவிடுவார்கள். படம் தெளிவாக வரும், வெயிலும் காகமும் குஞ்சுகளுக்கு நேராக வரும். கடலோரச் சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகளைக் கல் எறிந்து கிளப்பி, கூட்டமாகப் பறக்கும் காட்சியை எடுப்பார்கள். சைபீரியப் பக்கத்திலிருந்து கிழக்காசிய–ஆஸ்திரேலிய வலசைப் பாதை வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைகள் அவை. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் திரும்பிப் போவதற்கான எண்ணெய். அலை ஏறும்போது நிற்க இடமில்லாமல் கரையில் ஒதுங்கும் பறவையை நாம் ஒருமுறை கிளப்பினால் அதன் கையிருப்பில் கொஞ்சம் கரைகிறது. ஒரு நாளைக்குப் பத்துக் குழுக்கள் போனால்?

பாம்புகளின் நிலை இதைவிட மோசம். பறவைக்குச் சிறகு உண்டு, பறந்துவிடும். பாம்பைக் கொக்கியால் தூக்கி வந்து, அழகான ஒரு கட்டையில் வைத்து, அது நகர நகர மீண்டும் இழுத்து வைப்பார்கள். சுருண்டு அசையாமல் கிடக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்பெட்டிக்குள் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர். சுற்றுப்புறத்தின் சூட்டை நம்பியிருப்பது. குளிரில் அது அமைதியாக இருப்பதில்லை, அசைய முடியாமல் இருக்கிறது. படத்தைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நாகமென்றால் கேட்கவே வேண்டாம். கழுத்து விரிந்தால்தான் அது நாகம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். கோயில் சுவரிலும் திரைப்படத்திலும் நாம் பார்த்து வளர்ந்த நாகம் எப்போதும் படமெடுத்தே நிற்கும். பின்புறத்தில் மூக்குக் கண்ணாடி போன்ற குறியும் இருக்கும். அது இந்திய நாகம். எங்கள் பக்கத்தில் இருப்பது கரிய நிறத்துத் துப்பும் நாகம். வளர்ந்த பாம்பின் கழுத்தில் அந்தக் குறி இருக்காது. குறி இல்லாததால் அதை நாகமே இல்லையென்று எண்ணி அருகில் போவது பேராபத்து. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பவரின் முகத்தை நோக்கியும் நஞ்சை உமிழும். கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், பார்வையும் பாதிக்கப்படலாம். உடனே நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பாம்பு கழுத்து எலும்புகளை விரித்து நிமிர்வது, தன்னைப் பெரிதாகக் காட்டி நம்மை விரட்டுவதற்காக. 'போய்விடு' என்பதற்கு அதன் மொழி அது. அது போகச் சொல்கிறது. நாமோ, "இன்னும் கொஞ்சம் விரி" என்று வாலைத் தட்டுகிறோம். என் ஐந்து பேர் கூட்டம் அன்றைக்குச் செய்தது அதைத்தான். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வனவிலங்குகளைத் துன்புறுத்துவதையும் மிரட்டிச் சீண்டுவதையும் குற்றமென்கிறது. வேட்டைக்காரர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

அடித்துக் கொன்றால் பாம்பு நம் முகத்தைக் கண்ணில் 'படம் பிடித்து' வைத்துக்கொண்டு பழிவாங்கும் என்று சிறுவயதில் பயமுறுத்துவார்கள். பாம்பால் அப்படி எதையும் செய்ய முடியாது. நாம்தான் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறோம்.

நான் செய்த தவறு

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது.

மூன்றாண்டுகளுக்கு முன்பு, தீவில் மணற்பாங்கான ஒரு வெட்டவெளியில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்களைக் கண்டேன். தலையும் முதுகும் சாக்லெட் நிறம், தொண்டை நீலம், உடம்பு பச்சை. தேனீயைப் பறந்தபடியே பிடித்து, கிளையில் அடித்துக் கொடுக்கை நீக்கி, பிறகே விழுங்கும். மரத்தில் கூடு கட்டாது. மணல் தரையில் நீண்ட வளை தோண்டி அதன் கோடியில் முட்டையிடும். நான் எண்ணியபோது பதினான்கு வளைகள் இருந்தன. தும்பியை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குள் நுழையும் ஒரு பறவையை எடுத்தேன். இதுவரை நான் எடுத்த படங்களில் அதுவே சிறந்தது.

அன்றிரவே முகநூலில் போட்டேன். "எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இடத்தைச் சொன்னேன், வரைபடத்தில் புள்ளி வைத்தும் அனுப்பினேன். யார் என்று தெரியாதவர்களும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அங்கே ஒன்பது கார்கள் நின்றன. முக்காலிகள் வரிசை கட்டி நின்றன. யாரோ பறவை உட்காருவதற்கென்று கிளையொன்றை வெட்டி வந்து நட்டிருந்தார். வளைகளிலிருந்து நான்கைந்து அடி தூரத்தில் மடக்கு நாற்காலிகள். பறவைகள் வாயில் இரையோடு மின்கம்பியில் உட்கார்ந்திருந்தன. இறங்கவில்லை. வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம்; இரையோடு உட்கார்ந்திருக்கும் பறவையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாமே! அது ஏன் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குஞ்சுகள் மண்ணுக்குள் பசியோடு கிடந்தன. நானும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். "இந்தத் தங்கச்சிதான் இடத்தைச் சொன்னது" என்று ஒருவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். நான் சிரித்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். மணல் முழுவதும் காலணித் தடமும் டயர் தடமும். பதினான்கில் ஒன்பது வளைகள் இடிந்து மூடியிருந்தன. அவற்றுக்குள் என்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அடுத்த ஆண்டு பறவைகள் அந்த இடத்துக்கு வரவில்லை. வேறு எங்காவது போயிருக்கலாம். அந்த இடம் எது என்று இந்தக் கட்டுரையிலும் நான் சொல்லப் போவதில்லை.

அந்தப் படத்தை இப்போது யாரிடமும் காட்டுவதில்லை. நல்ல படம்தான். ஆனால் அந்தப் படத்துக்கு விலை கொடுத்தது நானில்லை.

மறுபக்கம்

"படம் எடுப்பதால்தான் மக்களுக்கு விழிப்புணர்வு வருகிறது. பார்க்காத ஒன்றை யார் காப்பாற்றுவார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2017-இல் கேரித் தீவில் பெரிய துறைமுகத் திட்டமொன்று பேசப்பட்டது. அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. கண்டல் காட்டில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்பதற்குச் சான்றாகப் படம் இல்லாவிட்டால், "அங்கே வெறும் சேறுதானே" என்று சொல்லிவிட்டுப் போக எவ்வளவு நேரமாகும்? நாளும் இடமும் சரியாகக் குறிக்கப்பட்ட ஒரு படம், அது மங்கலாக இருந்தாலும் ஓர் ஆவணம். அதை ஆய்வாளர்களிடமும் இயற்கைக் கழகத்தாரிடமும் சேர்க்கலாம். ஆனால் அந்தச் சான்றுக்குக் கொக்கி தேவையில்லை, குளிர்பெட்டி தேவையில்லை, விரிந்த கழுத்தும் தேவையில்லை. விழிப்புணர்வு என்ற பெயரில் நாம் உண்மையில் சேர்ப்பது விருப்பக்குறிகளை. இதை நான் சொல்வதற்குக் காரணம், அதைச் சேர்த்தவள் நான்.

"நாங்கள் கொல்லவில்லையே, எடுத்துவிட்டு விட்டுவிடுகிறோமே" என்பது இன்னொரு வாதம். உண்மைதான், மண்வெட்டியோடு வருகிறவரைவிடக் கேமராவோடு வருகிறவர் மேல். ஆனால் மண்வெட்டிக்காரருக்குப் பிள்ளைகளைப் பற்றிய பயம் இருந்தது. நமக்கு அந்தப் பயம்கூட இல்லை. நம் பிள்ளைகள் அங்கே இல்லை. நாம் சீண்டிவிட்டுப் போன பாம்பு அடுத்துச் சந்திக்கப் போவது மறுநாள் காலையில் அங்கே குலை வெட்ட வரும் தொழிலாளியை. இன்றைக்கு அவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். அன்றைக்கு என் அப்பா நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார்.

நமக்கென்ன வேலை?

இது தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழ். இங்கே பாம்பும் பறவையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 'கண்கொத்திப் பாம்பு போலக் காத்திருந்தான்' என்று எழுதுகிறோம். மேடைப் பேச்சிலும் சொல்கிறோம். அந்தக் கண்கொத்திப் பாம்பு நம் பல்கலைக்கழக வேலியிலேயே இருக்கக்கூடும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பச்சைக் கொடிபோல மெலிந்து, கூர்மூக்கோடு, செடியில் அசையாமல் கிடக்கும். அது யாருடைய கண்ணையும் கொத்துவதில்லை, பல்லியைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உயிரைத் தொலைத்துவிட்டால் அந்த உவமை எத்தனை நாளைக்கு நிற்கும்?

தமிழில் இவற்றைப் படம் பிடித்து எழுதிய முன்னோடி நமக்கு உண்டு. மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் பிடித்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் கட்டுரைகள் எழுதினார். நம் நாட்டுக்கு அப்படியொருவர் தமிழில் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் ஏக்கம். நாம் தோட்டத்தைப் பற்றிக் கதையும் கவிதையும் எழுதியிருக்கிறோம். பால்மரத்தையும் லயத்து வீட்டையும் எழுதியிருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் நம்மோடு வாழ்ந்த உயிர்களை நம் பெரியவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று குறித்து வைத்தோமா? அப்பா தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. எந்தப் பாம்பு மட்டைக்குள் இருக்கும், எது அல்லூரில் இருக்கும், எது மழைக்குப் பிறகு வரும் என்ற அவர்களுடைய அறிவு இன்னும் இருபது ஆண்டுகளில் அவர்களோடு போய்விடும்.

ஆகவே நம் கழகத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். ஆண்டுக்கொரு முறை இயற்கை நடையொன்றை ஏற்பாடு செய்யலாம். கேமரா இருப்பவர் கேமராவோடு வரட்டும். இல்லாதவர் குறிப்பேட்டோடு வரட்டும். அடுத்து, ஒவ்வொருவரும் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பாட்டி, தாத்தா, பெற்றோரிடம் தோட்டத்துப் பறவை, பாம்புப் பெயர்களைக் கேட்டு எழுதி வரலாம். அடுத்த ஆண்டிதழில் அந்தப் பட்டியல் நான்கு பக்கம் வந்தாலே அது பெரிய பணி.

படம் எடுக்க விரும்புவோருக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில உண்டு. பறவை உங்களைப் பார்த்து ஒரு நொடி வேலையை நிறுத்தினால் நீங்கள் அளவுக்குமேல் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கூட்டைப் படம் எடுக்காதீர்கள். இடத்தைப் பொதுவில் சொல்லாதீர்கள். மாவட்டத்தின் பெயர் போதும். பாம்பைத் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். அது நகர்ந்து போனால் போகட்டும். தோட்டத்துக்குள் போவதென்றால் நிருவாகத்தின் அனுமதியோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். கடிபட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் 999-ஐ அழையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போகும்.

இந்தக் கடைசி யோசனைக்கு ஒரு பலன் கிடைத்ததை நானே பார்த்தேன். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் வரிசை வீட்டு அண்ணன் ஒருவர் புலனத்தில் படமொன்று அனுப்பினார். அவர் வீட்டுக் கால்வாயில் மலைப்பாம்புக் குட்டி. "தங்கச்சி, இது கடிச்சா சாவமா?" என்று கேட்டிருந்தார். நஞ்சில்லை அண்ணே, ஆனால் கிட்டப் போகாதீங்க, அழைத்துச் சொல்லுங்க என்றேன். அரை மணி நேரத்தில் ஆள்கள் வந்து சாக்கில் போட்டு எடுத்துச் சென்றார்கள். மண்வெட்டி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அவர் அனுப்பிய படம் கை நடுங்கி எடுத்தது. பாதிப் பாம்புதான் தெரிந்தது. ஆனால் ஒரு பாம்பைக் காப்பாற்றிய படம் அது. என் நாகப் படத்தால் அது முடியவில்லை.

சென்ற பருவ விடுமுறையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு தீவுக்குப் போனேன். காலை ஏழரை மணி. பழைய மட்டைக் குவியலொன்றைக் காட்டி, "அங்க ஒண்ணு இருக்கும். இங்கேயே நில்லு" என்றார். இருபது அடி தள்ளி நின்றோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஒரு பேச்சும் பேசவில்லை. அவர் இவ்வளவு நேரம் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு கரிய நாகமொன்று மட்டைக்கடியிலிருந்து வெளியே வந்தது. வெயிலில் சற்றுக் கிடந்தது. நாக்கை நீட்டி நீட்டி மண்ணைத் துழாவியது. கழுத்து ஒடுங்கியபடியே, சாதாரணக் கறுப்புக் கயிறுபோல, பாதையைக் கடந்து அல்லூருக்குள் இறங்கிப் போனது.

மூன்று படங்கள் எடுத்தேன். முகநூலில் ஒன்றைப் போட்டபோது யாரோ "இது நாகமா? படமே எடுக்கலியே!" என்று எழுதியிருந்தார். விருப்பக்குறிகள் பதினொன்று.

அப்பாவிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "பத்தொம்பது வருஷம் இங்க வேல செஞ்சேன். இதுங்க நடந்து போறத இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

இந்த முறை படம் எடுத்தது நான்தான். அது எடுக்கவில்லை.